பனி நகருது, பாறை எழும்புது – அளக்கிறது யாரு?

 

முதலில் ஒரு கேள்வி. ஆழமாக நட்டு வைத்த ஒரு கம்பு, யாரும் பிடுங்காமல், யாரும் தொடாமல், வருஷத்துக்கு 10 மீட்டர் நகருமா? "சும்மா கதை விடாதே"ன்னு சொல்றீங்களா? கதை இல்லை, நிஜம். தென் துருவத்தில் அப்படித்தான் நடக்குது.

பூமியின் தென் முனை இதுதான் என்று காட்ட அங்கே ஒரு கம்பு நட்டிருக்கிறார்கள். அதன் தலையில் அழகான உலோகக் குமிழ் இருக்கும். ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் அங்கே வேலை பார்ப்பவர்கள் ஒன்று கூடி, அளந்து வைத்த புது இடத்தில் புதுக் கம்பு நடுவார்கள். ஏன்னா பழைய கம்பு அதற்குள் சுமார் 10 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். துருவம் நகரவில்லை. கம்பைத் தாங்கி நின்ற பனிதான் நகர்ந்து போச்சு. அங்கே காலுக்குக் கீழே மண் இல்லை. சுமார் 2,700 மீட்டர் கனத்துக்குப் பனிக்கட்டிதான்!

சரி, 10 மீட்டர்னு எப்படி அளந்தாங்க? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வெள்ளை. மரம் இல்லை, மலை இல்லை, வரப்பு இல்லை, கோபுரம் இல்லை. எதிலிருந்து டேப்பைப் பிடிப்பது? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அளவுக்கல் வானத்தில் இருக்கு!

நம்ம ஊரில் நிலம் அளக்க சர்வேயர் வந்தால் முதலில் எதைத் தேடுவார்? அளவுக்கல்லைத்தான். கல் நகராது. அதனால் அங்கிருந்து சங்கிலியோ டேப்போ பிடித்து "இது உன் வயல், அது அவர் வயல்" என்று சொல்லிவிடுவார். கல்லை யாராவது நகர்த்தி வைத்துவிட்டால் போச்சு, ஊரே ரெண்டுபடும்!

அண்டார்டிகாவில் பிரச்சினை என்னவென்றால், பனியின் மேல் எங்கே கல் நட்டாலும் அந்தக் கல்லும் சேர்ந்து நகரும். அதனால் விஞ்ஞானிகள் அளவுக்கல்லை வானத்தில் தேடினார்கள். அதுதான் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள். இவை சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பூமியைச் சுற்றுகின்றன. "சுத்துறது எப்படி அளவுக்கல் ஆகும்?" என்று கேட்கலாம். அவை எந்த விநாடியில் எங்கே இருக்கும் என்பது நமக்கு மிகச் சரியாகத் தெரியும். அது தெரிந்தால் போதும்.

ஒவ்வொரு செயற்கைக்கோளுக்குள்ளும் அணுக் கடிகாரம் இருக்கு. "நான் இன்னார், இப்போ மணி இவ்வளவு" என்று அது ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி ஒளியின் வேகத்தில், அதாவது விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வரும். செயற்கைக்கோள் தலைக்கு மேலேயே இருந்தால் கீழே வர 0.067 விநாடி ஆகும். வந்து சேர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். வேகம் × நேரம் = தூரம். நாம ஏழாம் வகுப்பில் படிச்சதுதான்!

மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் நம் இடம் தெரியும். ஆனால் நான்காவது ஒன்றும் வேண்டும். ஏன்? கீழே இருக்கிற கருவியில் அணுக் கடிகாரம் கிடையாது, சாதாரணக் கடிகாரம்தான். அது ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் தப்பாகிவிடும். நான்காவது செயற்கைக்கோள் அந்தக் கடிகாரப் பிசகைக் கண்டுபிடிக்க உதவுகிறது. தெரியாத எண் நான்கு, சமன்பாடும் நான்கு. அவ்ளோதான்.

போனில் இருக்கிற ஜி.பி.எஸ். போதாதா?

போன் நம் இடத்தைச் சொல்லும்போது சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். பஸ் ஸ்டாண்டைக் கண்டுபிடிக்க அது போதும். ஆனால் ஒரு பாறை வருஷத்துக்கு 4 சென்டிமீட்டர் உயருதுன்னு கண்டுபிடிக்க அது எப்படிப் போதும்? அதற்குத் துல்லியக் கருவி வேண்டும். அது செய்கிற வேலைகள் மூன்று.

ஒன்று: செயற்கைக்கோள் அனுப்பும் செய்தியை மட்டும் பார்க்காமல், அந்தச் செய்தியைச் சுமந்து வருகிற அலையையே அது எண்ணும். அந்த அலையின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைச்சல். அந்தச் சாணையும் நூறு பங்காகப் பிரித்துப் பார்க்கும். 19 செ.மீ.யில் நூறில் ஒரு பங்கு என்றால் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு! ஆசாரி மரம் அறுக்கும்போது "ஒரு நூல் கூட இருக்கு"ன்னு சொல்வாரே, அந்த ஒரு நூல் 3 மில்லிமீட்டர். அதைவிடவும் சின்ன அளவு இது.

இரண்டு: வானத்தின் மேல் அடுக்கில் மின்னேற்றம் அடைந்த துகள்கள் இருக்கின்றன. அவை அலையின் பயண நேரத்தைக் கொஞ்சம் மாற்றிவிடும். எல்லா அலையையும் ஒரே மாதிரி மாற்றாது, அலைக்கு அலை வேறுபடும். அதனால் துல்லியக் கருவி இரண்டு விதமான அலைகளைக் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டு, எவ்வளவு மாறிச்சுன்னு கணக்குப் போட்டு நீக்கிவிடும்.

மூன்று: ஒரு கருவியைப் பனியிலும், இன்னொன்றை அசையாத பாறையிலும் வைப்பார்கள். ஒரு தராசு 50 கிராம் கூடக் காட்டுதுன்னு வைங்க. அதே தராசில் உங்களையும் என்னையும் நிறுத்தினால், நம்ம ரெண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் சரியாகத்தானே இருக்கும்? அதே போல இரண்டு கருவியிலும் பொதுவாக இருக்கிற பிழை, கழிக்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போய்விடும்.

இதோடு பொறுமையும் வேண்டும். ஒரு நிமிஷம் அளந்தால் போதாது. நாள் கணக்கில், வருஷக் கணக்கில் ஒரே இடத்தில் வைத்து அளக்க வேண்டும்.

கருவியைக் கடன் கொடுக்கும் கூடம்

இந்தக் கருவிகள் விலை அதிகம். ஒவ்வொரு விஞ்ஞானியும் சொந்தமாக வாங்க முடியாது. வாங்கினாலும் பனிக்காட்டில் அதை நிறுத்தி ஓட வைக்கத் தனித் திறமை வேண்டும். ஆகவே அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1984-இல் யூனாவ்கோ என்று ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்ற ஊரில் அது இயங்கியது. 2023-இல் நிலநடுக்க ஆய்வுக்கான இன்னொரு கூட்டமைப்போடு சேர்ந்து எர்த்ஸ்கோப் என்ற பெயருக்கு மாறியது.

நம்ம நூலகத்தில் புத்தகம் எடுக்கிற மாதிரி, விஞ்ஞானிகள் இங்கே கருவி எடுக்கலாம். கருவி மட்டுமா? ஏரியல், கம்பம், பேட்டரி, சூரியத் தகடு எல்லாம் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித் தருவார்கள். கூடவே இன்ஜினியர்களும் பனிக்கு வருவார்கள். கிடைக்கிற அளவுகளைப் பத்திரமாகச் சேமித்து, உலகத்தில் யார் கேட்டாலும் எடுத்துப் பார்க்கும்படி வைப்பார்கள். கண்டுபிடிப்பு செய்தித்தாளில் வரும்போது விஞ்ஞானி பெயர்தான் வரும். பேட்டரிப் பெட்டியை முதுகில் தூக்கிப் போய் வைத்தவர் பெயர் வராது. ஆனால் அவர் இல்லாவிட்டால் கண்டுபிடிப்பே இல்லை. எனக்கு இதில் ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

இருட்டில் ஒரு பெட்டி

அண்டார்டிகாவுக்கு அமெரிக்கக் குழுக்கள் பெரும்பாலும் நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து மெக்மர்டோ நிலையத்துக்கு விமானத்தில் போகும். அங்கிருந்து, சக்கரத்துக்குப் பதில் பனிச்சறுக்குக் கட்டை மாட்டிய விமானத்தில் உள்ளே போவார்கள். வேலை செய்ய முடிவது கோடையில் மட்டும்தான். நமக்கு நவம்பர், டிசம்பர், ஜனவரி; அங்கே கோடை. அப்போ சூரியன் மறையவே மறையாது.

அதன் பிறகு ஆட்கள் திரும்பிவிடுவார்கள். கருவி மட்டும் தனியாக இருக்கும். மாசக் கணக்கில் சூரியனே வராது, சூரியத் தகடு வேலை செய்யாது. குளிர் பூச்சியத்துக்குக் கீழே 50, 60 டிகிரி என்று இறங்கும். குளிரில் பேட்டரியின் சக்தியும் குறைஞ்சு போகும். என்ன செய்வது?

இன்ஜினியர்கள் யோசித்தார்கள். முதலில், கருவி சாப்பிடுகிற மின்சாரத்தைச் சில வாட் அளவுக்குக் குறைத்தார்கள். வீட்டில் எரிகிற சின்ன எல்.இ.டி. பல்பு அளவுதான். பிறகு குளிர் புகாத பெட்டியில் நிறைய பேட்டரிகளை அடுக்கி, கோடை முழுக்க சார்ஜ் ஏற்றி வைத்தார்கள். சில இடங்களில் சின்னக் காற்றாலையும் வைத்தார்கள். சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றுவதால் சூரியத் தகடுகளை நம்ம ஊர் மாதிரிப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்தார்கள். அளவுகளைச் செயற்கைக்கோள் போன் வழியாக அனுப்பும்படி செய்தார்கள்.

இவ்வளவு எதற்கு? ஒரு குளிர்காலம் கருவி நின்று போனால், அந்த ஆறு மாதம் பனி என்ன செய்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. திரும்பப் போய் அளக்கவும் முடியாது. போனது போனதுதான்.

வில்லன்ஸ் செய்யும் வித்தை

மேற்கு அண்டார்டிகாவில் 'வில்லன்ஸ்' என்று ஒரு பனியாறு இருக்கு. சினிமா வில்லன் இல்லீங்க! இயான் வில்லன்ஸ் என்ற பனி ஆராய்ச்சியாளரின் பெயர் அது. இந்தப் பனியாறு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நகரும். பழைய காலத்தில் கம்பு நட்டு, வருஷம் கழித்துப் போய்ப் பார்ப்பார்கள். அப்போ சராசரி மட்டும்தான் கிடைக்கும். அதனால் பனி மெதுவாக, ஒரே சீராக நகருதுன்னு நினைத்தார்கள்.

ஜி.பி.எஸ். கருவிகளை வைத்து விடாமல் அளந்தபோது எல்லாருக்கும் ஆச்சரியம். 2003-இல் ராபர்ட் பிண்ட்ஷாட்லர் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் இதை வெளியிட்டார்கள். அந்தப் பனியாறு நாளின் பெரும்பகுதி கிட்டத்தட்ட அசையாமல் நிற்குது. திடீரென்று அரை மணி நேரத்துக்குள் அரை மீட்டர் வரை வழுக்கிப் போகுது. மறுபடி நிற்குது. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை இப்படி!

வீட்டில் நெல் மூட்டையைத் தள்ளியிருப்பீர்கள். தள்ளத் தள்ள அசையாது. சட்டென்று ஒரு நேரத்தில் வழுக்கி ஓடும். அதே கதைதான். கடல் ஏறி இறங்குவதுதான் நேரத்தைத் தீர்மானிக்குது. பனியாற்றின் முன்னால் ராஸ் பனித்தட்டு கடலில் மிதக்கிறது. அலையேற்றம், அலையிறக்கத்தால் முன்னால் உள்ள தடை கூடிக் குறையும். ஏற்றம் முடிந்த கொஞ்ச நேரத்தில் ஒரு வழுக்கல், இறக்கம் முழுசாவதற்கு முன்னால் இன்னொரு வழுக்கல்.

நூற்றுக்கணக்கான மீட்டர் கனமுள்ள பனி இப்படி வழுக்கும்போது, அது அளவில் 7 ரிக்டர் நிலநடுக்கத்துக்குச் சமம் என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் மெதுவாக நடப்பதால் மேலே நிற்கிற ஆளுக்கு ஒன்றுமே தெரியாது. கருவிக்குத்தான் தெரியும்!

இன்னொன்றும் சொல்லணும். வில்லன்ஸ் பனியாறு பல ஆண்டுகளாக வேகம் குறைந்துகொண்டு வருகிறது. எல்லாப் பனியாறும் வேகமாகுதுன்னு பொத்தாம் பொதுவாகச் சொல்லக் கூடாது. ஒவ்வொன்றையும் அளந்துதான் பேச வேண்டும்.

எழும்பும் பாறை

இலவம்பஞ்சு மெத்தையில் உட்கார்ந்தால் அமுங்கும். எழுந்தால் மெதுவாக மேலே வரும். பூமியும் அப்படித்தான்! பனியின் பாரத்தில் அமுங்கிய தரை, பனி குறைந்தால் எழும்பும்.

2007-08 சர்வதேசத் துருவ ஆண்டையொட்டி போல்நெட் என்ற திட்டத்தில், பனிக்கு மேலே தலைகாட்டுகிற பாறைகளில் ஜி.பி.எஸ். கருவிகளை ஆணி அடித்து நிறுத்தினார்கள். மேற்கு அண்டார்டிகாவின் அமுண்ட்சென் கடல் பக்கம் ஒரு இடத்தில் பாறை வருஷத்துக்கு 41 மில்லிமீட்டர் உயருதுன்னு 2018-இல் வெளியிட்டார்கள். எதிர்பார்த்ததை விட ரொம்ப அதிகம்.

இதனால் என்ன? பனியின் எடையை 2002 முதல் கிரேஸ் என்ற செயற்கைக்கோள்கள் ஈர்ப்பு விசையை வைத்து நிறுத்துப் பார்த்தன. பனி குறைந்தால் ஈர்ப்பு குறையும். ஆனால் அதே இடத்தில் அடியில் பாறை உயர்ந்தால் ஈர்ப்பு கூடும். இரண்டும் கலந்து வருவதால், பாறை எவ்வளவு உயர்ந்தது என்று தெரியாமல் பனி எவ்வளவு போனது என்று சொல்ல முடியாது. பாறையின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்தப் பகுதியில் பனி இழப்பை 10 சதவீதம் வரை குறைத்துக் கணக்கிட்டிருந்தது தெரிந்தது.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கு. தரை வேகமாக உயர்ந்தால், அடியில் கடல் நீர் புகுவதை அது கொஞ்சம் தடுத்து, பனி பின்வாங்குவதை மெதுவாக்கலாம் என்று அதே விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்.

மில்லிமீட்டரை அளந்து என்ன ஆகப் போகுது?

இப்படிக் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 36,000 கோடி டன் பனி உருகிக் கடலில் சேர்ந்தால், உலகக் கடல் மட்டம் 1 மில்லிமீட்டர் உயரும். அண்டார்டிகா 2002 முதல் சராசரியாக ஆண்டுக்கு 10,000 கோடி டன்னுக்கு மேல் பனியை இழந்திருக்கிறது. எல்லாக் காரணங்களையும் சேர்த்து 1993-க்குப் பிறகு கடல் சுமார் 10 சென்டிமீட்டர் ஏறிவிட்டது.

அமுண்ட்சென் கடல் பக்கத்தில்தான் த்வைட்ஸ் என்ற பனியாறு இருக்கிறது. அது நம்ம தமிழ்நாட்டை விடப் பெரியது! அது முழுதும் போனால் கடல் சுமார் 65 சென்டிமீட்டர் ஏறும். ஒரே நாளில் ஆகாது. ஆனால் எத்தனை ஆண்டில் ஆகும் என்பதுதான் கேள்வி. அதற்காகத்தான் 2018-இல் அமெரிக்காவும் இங்கிலாந்தும் சேர்ந்து அதை ஆராயத் தொடங்கின.

இதில் நமக்கு ஒரு வம்பு இருக்கு. பெரிய பனிமலை தன் ஈர்ப்பால் கடல் நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும். பனி குறைந்தால் அந்த இழுப்பும் குறையும். அப்போது அண்டார்டிகா பக்கத்தில் கடல் இறங்கி, தூரத்தில் சராசரியை விடக் கூடுதலாக ஏறும். இந்தியப் பெருங்கடலும் அந்தத் தூரத்தில்தான் இருக்கு. அங்கே உருகினால் நாகப்பட்டினம் கடற்கரைக்கும் கணக்கு உண்டு. கடல் ஏறினால் கரையைத் தாண்டி வந்துதான் கெடுக்கணும்னு இல்லை. அதற்கு முன்னாலேயே கிணற்றுத் தண்ணீர் உப்பாகும், வயல் உப்பாகும்.

கரையை எவ்வளவு உயர்த்திக் கட்டணும், எந்த ஊரை எப்போது காப்பாத்தணும் என்று பெரியவர்கள் முடிவு செய்ய எண் வேண்டும். "ஏறும்னு சொல்றாங்க" என்பது எண் இல்லை. அந்த எண்ணைத்தான் இருட்டில் தனியாக இருக்கிற அந்தப் பெட்டிகள் எழுதிக்கொண்டு இருக்கின்றன. இந்தியாவுக்கும் அங்கே மைத்ரி (1989), பாரதி (2012) என்று நிலையங்கள் உண்டு. மைத்ரியிலும் ஜி.பி.எஸ். வைத்து நம் விஞ்ஞானிகள் அளந்திருக்கிறார்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

★ நாம் எல்லாரும் நகர்ந்துகொண்டுதான் இருக்கோம்! இந்தியா ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காகப் போகிறது. இதையும் ஜி.பி.எஸ். வைத்து அளக்கிறார்கள்.

★ எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் இதே மாதிரிக் கருவியை வைத்து நேபாளமும் சீனாவும் அளந்தன. 2020 டிசம்பரில் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர்.

★ ஜி.பி.எஸ். சரியாகச் சொல்ல பூமியின் உருவத்தைத் துல்லியமாகக் கணக்கிட வேண்டும். அதற்குப் பெரிதும் உழைத்தவர் கிளாடிஸ் வெஸ்ட் என்ற கறுப்பினப் பெண் கணித அறிஞர். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், 1956-இல் வேலைக்குச் சேர்ந்தார். வெகுகாலம் கழித்து 2018-இல்தான் அமெரிக்க விமானப்படை அவரைப் பெரிய அளவில் கௌரவித்தது.

செய்து பாருங்கள்

விளையாட்டு நேரத்தில் மூன்று பேர் மூன்று முளைக்குச்சியும் கயிறும் எடுத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் மூன்று இடத்தில் முளை அடியுங்கள். ஒரு தோழி எங்காவது ஒரு நாணயத்தை வைத்து, மூன்று முளையிலிருந்தும் அதன் தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு, நாணயத்தை எடுத்துவிடட்டும். நீங்கள் அந்தத் தூரத்துக்குக் கயிறு பிடித்து, ஒவ்வொரு முளையிலிருந்தும் தரையில் வட்டம் போடுங்கள். மூன்று வட்டமும் எங்கே சந்திக்குதோ அங்கேதான் நாணயம் இருந்தது. ஒரு கயிற்றை மட்டும் வேண்டுமென்றே ஒரு சாண் கூட்டிப் பிடித்துப் பாருங்கள். என்ன ஆகுதுன்னு நீங்களே பார்த்துத் தெரிஞ்சுக்கோங்க!

கணக்குப் புதிர்

1957 ஜனவரி 1-ஆம் தேதி சரியாகத் தென் துருவத்தில் ஒரு கம்பை நட்டோம். பனி ஆண்டுக்கு 10 மீட்டர் நகர்ந்தால், 2025 ஜனவரி 1-ஆம் தேதி அது துருவத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும்?

(விடை: 68 ஆண்டு × 10 மீட்டர் = 680 மீட்டர். ஆனால் தேடினால் கிடைக்காது. மேலே மேலே பனி விழுந்து மூடியிருக்கும்!)

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு